புதுச்சேரி பெயரைச் சுமக்கும் பறவை!

பாகூர் பக்கத்து மேட்டு நிலம். பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. முட்புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்புகிறது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக, அதன் பிறகு ஊரையே எழுப்புவதுபோல ஓங்கி!

அந்தக் குரலைக் கேட்டதும் எதிர்ப் புதரிலிருந்து இன்னொரு குரல் பதில் கொடுக்கிறது.

அதுதான் கௌதாரி!

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பறவையைத் தெரியும். பெட்டைக் கோழியைவிடச் சிறியது. உடம்பெல்லாம் சாம்பலும் பழுப்புமாக மெல்லிய கோடுகள். காய்ந்த புல்லில் பதுங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஆள் வந்தால் உடனே பறக்காது, குடுகுடுவென்று ஓடும். மிக அருகில் போனால்தான் படபடவென்று இறக்கையடித்து எழும்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் புல்லுக்குள் இறங்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்தவர்களுக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உலகத்தில் எந்த மொழியில் பறவை நூல் எழுதினாலும், கௌதாரியின் விஞ்ஞானப் பெயரில் புதுச்சேரி இருக்கிறது!

பெயர் வந்த கதை

ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இந்தக் குழப்பம் வராமல் இருக்க, விஞ்ஞானிகள் ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்கள் கொண்ட ஒரு பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் சொல், அது எந்த இனக்கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவது சொல், அந்தக் கூட்டத்தில் அது எது என்று சொல்லும்.

கௌதாரியின் இரண்டாவது சொல் 'பாண்டிசெரியானஸ்'. 'புதுச்சேரியைச் சேர்ந்தது' என்று அதற்குப் பொருள்.

இதற்குக் காரணம் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் பியர் சோனெரா. 18-ம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்தவர். செடி, கொடி, பறவை, விலங்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார், படமும் வரைந்தார். 1782-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் அவருடைய பயண நூல் வெளிவந்தது. அதில் கௌதாரியைப் புதுச்சேரிக் கௌதாரி என்றே குறிப்பிட்டார்.

அந்த நூலைப் படித்த கெமெலின் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, 1789-ம் ஆண்டில் கௌதாரிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது புதுச்சேரியையே அதில் வைத்தார். பிறகு ஆராய்ச்சி வளர வளர முதல் சொல் மாறியது. அண்மையில் மறுபடியும் மாறியது. ஆனால் 'பாண்டிசெரியானஸ்' மட்டும் மாறவில்லை.

இன்று இந்தக் கௌதாரி இலங்கையில் இருக்கிறது. பாகிஸ்தானிலும் ஈரானிலும் இருக்கிறது. கடல் கடந்து ஹவாய்த் தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். எங்கே போனாலும் அதன் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. கீச்சானைப் போன்ற ஒரு சாம்பல் நிறச் சிறு பறவைக்கும் இதே ஊர்ப் பெயர்தான்.

சோனெராவையும் உலகம் மறக்கவில்லை. நமது மேற்கு மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கிருந்தோ வந்தவர் இந்த ஊர்ப் புதரில் கூவிய பறவையை நின்று கவனித்தார். பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பறவை கூவும் ஊரில் பிறந்த குழந்தைகள் அதைப் பார்த்திருக்கிறார்களா?

வில்லியனூர், பாகூர் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். சிங்கத்தையும் ஒட்டகச் சிவிங்கியையும் படத்தில் பார்த்துப் பெயர் சொல்லும் குழந்தைகள் உண்டு. வீட்டுக்குப் பின்னால் கத்தும் பறவை எது என்று கேட்டால், பலர் "ஏதோ ஒரு குருவி" என்றுதான் சொல்வார்கள்.

இதைச் சரிசெய்ய ரயில் ஏற வேண்டாம். காசு செலவழிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரு சைக்கிளும் போதும்.

ஒரே ஏரி, இரண்டு அரசாங்கம்!

புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில், வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது ஊசுட்டேரி. புதுச்சேரி வட்டாரத்தில் இதுதான் மிகப் பெரிய ஏரி. பரப்பு சுமார் 800 ஹெக்டேர். அதாவது ஏறத்தாழ 2,000 ஏக்கர். மழைத் தண்ணீரோடு, சங்கராபரணி ஆற்றுத் தண்ணீரும் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதில் வந்து சேருகிறது.

இந்த ஏரிக்கு ஒரு விசித்திரம் உண்டு. இதில் ஏறக்குறையப் பாதி புதுச்சேரிக்குச் சொந்தம். மறு பாதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம்!

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இதன் ஒரு பக்கம் பிரெஞ்சு மண். மறுபக்கம் ஆங்கிலேயர் மண். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனாலும் எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது. அது தண்ணீருக்கு நடுவே போகிறது.

கோடு மனிதனுக்குத்தான். கொக்குக்கு ஏது எல்லை? இந்தப் பக்கத்தில் மீன் பிடித்து, அந்தப் பக்கத்து மரத்தில் போய்த் தூங்குகிறது.

புதுச்சேரி அரசாங்கம் 2008-ம் ஆண்டில் தன் பங்கு ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாட்டுப் பக்கமும் சரணாலயமாயிற்று. பறவைகளின் கணக்குப்படி அது எப்போதும் ஒரே ஏரிதான்!

தண்ணீரில் ஒரு திருவிழா

கார்த்திகை பிறந்து, மழை பெய்து, ஏரியில் தண்ணீர் ஏறியதும் திருவிழா தொடங்குகிறது. தை, மாசி வரையில் கூட்டம் குறையாது. கரையில் நின்று பொறுமையாகப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தொழில் இருப்பதைக் காணலாம்.

நாமக்கோழி: உடம்பு முழுவதும் கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. நாமம் போட்டதுபோல இருப்பதால் இந்தப் பெயர். கூட்டம் கூட்டமாக மிதக்கும்.

நத்தைகுத்தி நாரை: இதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டியைப் போன்ற அமைப்பு. வழுக்கும் நத்தையைப் பிடித்துச் சதையை வெளியே எடுக்க இந்த அலகுதான் ஆயுதம். நெல் வயலில் நத்தை பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கூலியில்லா வேலையாள் இது!

நீர்க்காகம்: முழுகி மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் இறகு வாத்தின் இறகைப் போல் தண்ணீரைத் தள்ளிவிடாது, நனைந்துவிடும். அதனால்தான் வெளியே வந்ததும் இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறது. வேட்டியை உலர்த்துகிறவரைப் போல!

பாம்புத்தாரா: உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். பார்த்தவர் பாம்பு என்று பயந்துவிடுவார். ஈட்டியைப் போன்ற அலகால் மீனைக் குத்தி, மேலே தூக்கிப் போட்டு விழுங்கும்.

இலைக்கோழி: இதன் கால்விரல்கள் மிக நீளம். அதனால் உடம்பின் கனம் பரவி, தாமரை இலைமேல் தரையில் நடப்பதைப் போல நடக்கிறது. இதன் குடும்பத்தில் ஒரு வேடிக்கை. முட்டையிடுவதோடு பெண்ணின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் பொறுப்பு!

கூழைக்கடா: அலகின் அடியில் பை தொங்கும். அந்தப் பைதான் அதன் வலை. மீனோடு தண்ணீரையும் அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும்.

விரால் அடிப்பான்: பெயரே தொழிலைச் சொல்லும். குளிர்காலத்தில் வரும் இந்தக் கழுகினம் வானத்தில் வட்டமிட்டு, சட்டென்று தண்ணீரில் பாய்ந்து, மீனைக் காலால் தூக்கிக்கொண்டு போகும்.

இவை போதாவென்று தூர தேசத்து விருந்தாளிகளும் வருகிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை வடக்கே, சைபீரியா வரையில் பரந்து கிடக்கும் குளிர் நாடுகளில் குஞ்சு பொரிப்பவை. அங்கே பனி விழுந்து ஏரிகள் உறைந்துவிட்டால் இரை கிடைக்காது. ஆகவே தெற்கே பறந்து வருகின்றன. வெயில் ஏறியதும் திரும்பிவிடுகின்றன.

இவை எங்கிருந்து வருகின்றன என்று எப்படித் தெரியும்? பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையத்தை மாட்டிப் பறக்க விடுவார்கள். வேறொரு நாட்டில் அந்தப் பறவை அகப்பட்டால், வளையத்தைப் பார்த்துப் பயணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் இப்படிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் அந்த வாத்து, புதுச்சேரி நகரத்தின் கட்டடங்களைத் தேடி வரவில்லை. வில்லியனூர் பக்கத்து ஏரியில் முழங்கால் ஆழத் தண்ணீர் இருக்கும் என்று நம்பி வருகிறது.

பாகூரின் பழம்பெருமை

ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூரில் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். நெல் வயலும் பனைமரமும் நிறைந்த சீமை.

பாகூர் சாதாரண ஊர் அல்ல. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே இங்கே ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செய்தியைச் சொல்லும் செப்பேடு 1879-ம் ஆண்டில் கிடைத்தது. அது இன்று பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. பாகூர் மூலநாதர் கோவில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

1752-ம் ஆண்டில் இதே பாகூரில் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டன. இரண்டு படைகளும் போய்விட்டன. ஏரி இருக்கிறது!

இந்த ஏரிக்குத் தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு சகோதரிகள் தங்கள் பொருளையெல்லாம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கொடுத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஊசுட்டேரியும் சரி, பாகூர் ஏரியும் சரி, தானாக உண்டான ஏரிகள் அல்ல. மனிதன் கரை கட்டித் தேக்கியவை. நெல்லுக்காகத் தேக்கினான். பறவை பிறகு வந்து சேர்ந்தது.

கரை இருந்தால் தண்ணீர். தண்ணீர் இருந்தால் மீன். மீன் இருந்தால் பறவை. கரையைக் காப்பவன்தான் பறவையையும் காக்கிறான்!

இந்த நாட்டு முன்னோர்களுக்கு இது தெரியும். உத்திரமேரூரில் உள்ள 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே இருந்ததைச் சொல்கிறது. புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் இருக்கின்றன. இவற்றைச் சீர்ப்படுத்த 1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. அப்போதும் ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்து, விவசாயிகளையே பொறுப்பாக்கினார்கள்.

வயலே ஒரு பள்ளிக்கூடம்

பாகூருக்குப் போனவர்கள் ஏரியை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். வரப்பில் நடக்க வேண்டும்.

உழும் டிராக்டருக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நடந்து வரும். மண் புரளும்போது வெளியே வரும் புழு, பூச்சிகளுக்காகத்தான் இந்த ஊர்வலம்.

மின்கம்பியில் ஒரு பறவை பழுப்பு நிறத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பறந்தால் போதும், இறக்கையில் நீல நிறம் மின்னும். அது பனங்காடை. வயலில் வெட்டுக்கிளியைக் கண்டதும் இறங்கிப் பிடிக்கும்.

ஆளைக் கண்டதும் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுவது ஆள்காட்டிக் குருவி. தரையிலேயே முட்டையிடும் பறவை இது. கூழாங்கல்லைப் போல இருக்கும் முட்டையை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் அந்தக் கூச்சல். அது கத்தினால் விலகிப் போய்விடுவதுதான் மரியாதை.

பனை ஓலையின் நுனியில் சுரைக்குடுக்கையைப் போலத் தொங்குகிறதே, அது தூக்கணாங்குருவிக் கூடு. புல்லைக் கிழித்து நாராக்கி, முடிச்சுப் போட்டுப் பின்னுவது ஆண் குருவி. கூடு பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால் குடி வரும். பிடிக்காவிட்டால் ஆணின் உழைப்பு வீண். வேறு கூடு கட்ட வேண்டியதுதான்!

இருட்டியதும் கூகை வரும். அதன் முகத்தைப் பார்த்து அபசகுனம் என்று கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அது தின்பது நெல்லைத் திருடும் எலியை. விவசாயிக்கு அது காவல்காரன். வயலில் பறவை வந்து உட்காருவதற்கு 'டி' எழுத்தைப் போல ஒரு கொம்பு நட்டு வைக்கும்படி விவசாய அதிகாரிகள் சொல்வது இதனால்தான்.

தன் குரலே தனக்கு எமன்!

இப்போது மறுபடியும் கௌதாரிக்கு வரலாம்.

கௌதாரிக்குத் தன் இடத்தில் அந்நியன் நுழைவது பிடிக்காது. வேறொரு கௌதாரியின் குரல் கேட்டால் உடனே பதில் கொடுக்கும். தேடி ஓடி வரும். இந்தக் குணமே அதற்கு எமனாகிறது.

வேட்டைக்காரன், பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் கொண்டுவருகிறான். புதரோரம் வைக்கிறான். சுற்றிலும் கண்ணி. கூண்டுப் பறவை கூவுகிறது. காட்டுப் பறவை சண்டைக்கு ஓடி வருகிறது. கண்ணியில் கால் சிக்குகிறது. கதை முடிந்தது!

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஏரிக்கு வரும் வாத்தையும் கொக்கையும் வேட்டையாடுவதும் குற்றம். ஆனாலும் திருட்டு வேட்டை அடியோடு நின்றுவிடவில்லை. வாங்குகிறவன் இருக்கிற வரையில் பிடிக்கிறவனும் இருப்பான். "கௌதாரி கறி வேண்டாம்" என்று ஒரு வீட்டில் சொன்னால், ஒரு கண்ணி குறையும்.

கௌதாரி உலகத்தை விட்டே அழியப்போகிற பறவை அல்ல. அது நாட்டின் பெரும்பகுதியில் இருக்கிறது. ஆனால் பிரச்சினை வேறு. அதன் பெயரில் இருக்கிற ஊரில் அது இருக்குமா?

கண்ணி ஒரு பக்கம். மறு பக்கம், கௌதாரி முட்டையிடும் புல்மேடுகள் மனைகளாகின்றன. அது தரையில் முட்டையிடும் பறவை. புல்லும் புதரும் இல்லாவிட்டால் அதற்கு வீடு இல்லை. "சும்மா கிடக்கிற நிலம்" என்று நாம் சொல்வது, அதற்குச் சும்மா கிடக்கிற நிலம் அல்ல!

ஏரிகளுக்கும் இதே கதைதான். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் வராது. கரையோரம் குப்பை கொட்டினால், மழையில் அது ஏரிக்குள்தான் போகும். பிளாஸ்டிக் பையைப் பறவை தின்றால் செரிக்காது.

இதில் நஷ்டம் பறவைக்கு மட்டும் அல்ல. புதுச்சேரி மக்கள் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீர். ஏரியில் நிற்கும் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகிறது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் குறைந்தால், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். ஏரி வற்றினால் முதலில் கொக்கு போகும். பிறகு கிணறு போகும்!

கிராமத்தார் காத்த பறவைகள்

"இதையெல்லாம் அரசாங்கம் அல்லவா பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை நினைத்துப் பார்க்க வேண்டும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்து விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை வந்தால் நெல் நன்றாக விளையும் என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்காரர்களும் இப்படித்தான். வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்ட விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் பிறகு வந்தது. முதலில் வந்தது கிராமத்தின் மனம்.

குடும்பத்தோடு ஒரு காலை

வில்லியனூர், பாகூர் பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக விரும்பினால், சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பொழுது விடிவதற்குள் புறப்பட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். மாலை நேரமும் நல்லது.

பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். காக்கி, பச்சை, பழுப்பு நிறம் நல்லது.

சத்தம் கூடாது, கல்லெறிதல் அறவே கூடாது. கூட்டுக்கு அருகில் போகக் கூடாது. பெற்ற பறவை பயந்து பறந்துவிட்டால், முட்டையைக் காகம் கொண்டுபோய்விடும்.

காலில் செருப்பு அவசியம். வரப்பில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். அவை எலியைத் தேடி வந்தவை. மனிதனைத் தேடி அல்ல. கண்டால் விலகிப் போக வேண்டும். கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஏரித் தண்ணீரில் குழந்தைகளை இறங்க விடக் கூடாது. மேலே அமைதியாக இருக்கும். அடியில் சேறும் பள்ளமும் இருக்கும்.

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நாள், நேரம், இடம், பார்த்த பறவை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் குழந்தையே எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை, படம் வரையட்டும். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்கும் இது நல்ல பயிற்சி.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துப் போக வேண்டும். புத்தகத்தில் இல்லாத எத்தனையோ பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. "தாத்தா, இது என்ன பறவை?" என்று பேரன் கேட்டால், பெயரோடு ஒரு கதையும் சேர்ந்து வரும். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் கதைகளும் அவர்களோடு போய்விடும்.

சோனெரா செய்ததும் இதைத்தான். நின்றார், பார்த்தார், கேட்டார், எழுதி வைத்தார். அதற்காக அவர் பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. வில்லியனூர், பாகூர்க் குழந்தைகள் வாசலைத் தாண்டினால் போதும்!

அந்தி சாய்கிறது. தரையில் ஓடிய கௌதாரிகள் குடும்பமாக முள்மரத்தில் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துகொள்கின்றன. நரியும் நாயும் ஏற முடியாத முள்தான் அவற்றின் கோட்டை.

விடிந்ததும் மறுபடியும் அந்தக் குரல் கிளம்பும். அதைக் கேட்டதும், "அது கௌதாரி. அதன் பெயரில் நம் ஊர் இருக்கிறது!" என்று ஒரு குழந்தை சொன்னால் போதும். அந்தக் குழந்தை பெரியவனானபின் கண்ணி வைக்க மாட்டான்.